இழுவை இல்லாத மாவு

ஜூன் 3, திங்கள்

காலை ஆறரைக்கு மடிப்பாக்கம் வந்து இறங்கினேன். பஸ்ஸில் பொட்டுத் தூக்கமில்லை, இடுப்பு கழன்றுவிட்டது. மாப்பிள்ளை இளம்பரிதி தெருமுனைக்கு வந்து பையை வாங்கிக்கொண்டான். வாங்கினவன் மாடிப்படி ஏறுவதற்குள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, பையில கோதுமை, மைதா, ரவை எதுவும் இல்லையே?" பிரயாணம் எப்படி இருந்தது, சாப்பிட்டீங்களா, ஒன்றும் கிடையாது. செக்போஸ்ட் போலீஸ் கூட ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் பையைத் திறப்பான்.

வாயில் 'நீங்க, வாங்க' என்று மரியாதையாகத்தான் பேசுகிறேன். நோட்டில் அவன்தான். இங்கேயும் மரியாதை கொடுக்க என்னால் ஆகாது.

என் மகள் முத்துப்பேச்சிக்குக் கப்பல் இன்ஜின் கம்பெனியில் வேலை. அடுத்த சித்திரை வரை ஜெர்மனியில் பயிற்சி. அவள் போனதும் இவனுக்கு வியாதி வந்துவிட்டது. கோதுமை, மைதா, ரவை எது பட்டாலும் குடல் புண்ணாகிவிடுமாம். பால், தயிர், நெய் இவனாகவே விட்டது, அது கொள்கையாம். குடல் ஆறுகிறவரை உளுந்தும் புளித்த மாவும் வேண்டாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார், அதனால் இட்லி தோசையும் போச்சு. "யப்பா, காலைப் பலகாரம் மட்டும் நீ பாத்துக்கோயேன். மனுசன் வெறும் வயித்தோட ஆபீஸுக்கு ஓடுதார்" என்று பேச்சி அழுதாள். அதற்காக வந்தேன். இவனுக்காக இல்லை.

ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு எதிரே நாற்பது வருசம் பரோட்டா போட்டவன் நான். எனக்கு வாய்த்த மருமகனுக்கு மைதா ஆகாது. இதை எவனிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 4, செவ்வாய்

இன்றைக்கு என் பையைச் சோதனை போட்டான். ஊறுகாய் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். முறுக்கைத் தூக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டான். அரிசி மாவு முறுக்கு, கடையில் கோதுமை பட்டிருக்கலாமாம். பெருங்காயத்தூள் சம்படத்தைத் திறந்து மோந்தான், ரெண்டு தும்மல் போட்டான். "பெருங்காயந்தானே, இருக்கட்டும்" என்று அடுக்கில் வைத்தான். அந்த ஒன்றாவது பிழைத்தது.

என் தோசைக்கல் பிழைக்கவில்லை. கடையை மூடின அன்று நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான். "இதுல மைதா ஊறிப்போயிருக்கும் மாமா" என்று பேப்பரில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டான். கையில் தொடக்கூட இல்லை, பேப்பரால் பிடித்தான். பேச்சி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வியாழன்

பச்சரிசி மாவும் உருளைக்கிழங்கும் போட்டு அடை சுடலாம் என்று இறங்கினேன். கிழங்கைத் தோல் சீவித் துருவி, ஒட்டப் பிழிந்து, மாவு, வெங்காயம், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை, உப்பு. கிழங்கு வாயுப் பண்டம் என்பதால் பெருங்காயம் தாராளமாக. பெருங்காயம் போடாமல் கிழங்கு செய்கிறவன் சமையல்காரனே இல்லை.

அவன் வீட்டுக் கல்லில் தட்டினேன். திருப்பினேன். நாலு துண்டு. அடுத்ததைத் திருப்பினேன், ஆறு துண்டு. விசிறி அடித்தால் பாய்மாதிரி விரிகிற மாவைக் கண்ட கை இது. இழுவை இல்லாத மாவெல்லாம் ஒரு மாவா? சீ.

அவன் துண்டுகளைத் தட்டில் கூட்டி வைத்துக்கொண்டு, "பரவாயில்ல மாமா, ருசியா இருக்கு" என்றான். கேலி பண்ணுகிறான்.

ஜூன் 9, ஞாயிறு

பிடி கிடைத்துவிட்டது. பிழிந்த தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. சட்டியோடு பத்து நிமிசம் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு மாவு படியும். மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, அந்தப் படிவைச் சுரண்டித் துருவலில் போட்டுப் பிசைந்தால் போதும், கிழங்கே கிழங்கைப் பிடித்துக்கொள்கிறது. நல்லெண்ணெயைச் சுற்றி விட்டு, மூடி போடாமல், தீயைக் குறைத்து வைத்துப் பொறுமையாகச் சுடணும். ஓரம் முறுகலாக, நடு மெத்தென்று வந்தது. ரெண்டு கையிலும் தூக்கித் திருப்பிப் போட்டேன். உடையவில்லையே!

நாலு அடை தின்றான். ஐந்தாவது கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கல்லையே பார்த்தான். கேட்டால் என்ன, வாய் நோகுமா? போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

மறுபடி அவனுக்கு வயிற்றுப்போக்கு. விடிய விடிய கக்கூஸ் கதவுச் சத்தம்.

ஜூன் 24, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏதோ ஒரு எண். ஆரோக்கியமானவனுக்கு இருபதுக்குள் இருக்கணுமாம், இவனுக்கு நூற்றைம்பதில் இருந்தது நூற்றெண்பதாக ஏறிவிட்டது. இறங்கணும் என்று தவம் கிடக்க, ஏறியிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் கோதுமை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்கிறார் டாக்டர்.

பேச்சி போனில் வந்தாள். "யப்பா, இவர் இப்படியே எளைச்சிக்கிட்டே போனார்னா நான் எழுதிக் கொடுத்துட்டு வந்திருவேன். எனக்குப் பயிற்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஏட்டி, பாதியில வந்தா அந்த எடம்?"

"வேற ஆளுக்குப் போயிரும். போகட்டும்."

எத்தனை ஆம்பிளைகளை முந்திப் பிடித்த இடம் அது. நான் மாவு பிசைந்த பலகையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின பிள்ளை. இந்த ஒட்டடைக்குச்சிக்காக அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவாளாம். அவள் வந்தால் கண்ணால் பார்க்கலாமே என்று ஒரு நிமிசம் என் மனசும் ஆசைப்பட்டது. பட்டுவிட்டுப் போகட்டும். அவள் வரக் கூடாது.

இன்று முதல் அடையில் பெருங்காயம் ரெண்டு மடங்கு. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கால் கரண்டி கரைத்தும் கொடுக்கப் போகிறேன். வயிற்றுக்கு அதைவிட மருந்து எது இருக்கிறது?

ஜூலை 2, செவ்வாய்

இன்று வாய்ச்சண்டை. எத்தனை நாள்தான் கிழங்கையும் சோற்றையும் தின்பது என்று மெயின் ரோட்டுக் கடையில் ரெண்டு பரோட்டா தின்றுவிட்டு வந்தேன். அவன் ஆபீஸிலிருந்து நேரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, உங்க சட்டையில சால்னா வாசனை வருது."

"ஆமா, தின்னேன். தெருவுல வச்சித் தின்னேன். உங்க தட்டுலயா தின்னேன்?"

"கை கழுவினீங்களா?"

"பின்ன, குளிச்சுட்டா வரணும்?"

"ஆமா மாமா. குளிச்சுட்டு, அந்தச் சட்டையையும் ஊறப் போட்டுட்டு வாங்க."

என் மகள் பாதி வாடகை கொடுக்கிற வீட்டில் என்னைக் குளிக்கச் சொல்கிறான். குளித்தேன். பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் தொட்டித் தண்ணீரைக் காலி பண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

குளிக்கும்போதே கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சொன்னதும் காதில் விழுந்தது. "நீங்க வந்த பிறகுதான் எனக்கு அதிகமாச்சு. வேணும்னே செய்றீங்களோன்னு சில நேரம் தோணுது."

அவன் செத்தால் எனக்கென்ன லாபம்? என் மகள் தாலி அல்லவா அது. மனசாட்சி கெட்ட பயல்.

ஜூலை 5, வெள்ளி

பேச்சியிடம் சொல்லிவிட்டேன். "உம் புருசன் ஆபீஸ்ல யாருக்கும் தெரியாம சமோசாவோ பப்ஸோ திங்கார். எங்கையால ஒரு பொட்டு மைதா போகல. நீயே கேட்டுக்கோ."

"பாத்தியாப்பா?"

"பாக்கணுமா? அதான் ஒடம்பு சொல்லுதே."

ஜூலை 7, ஞாயிறு

பேச்சி அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அவள் அழுகிற சத்தம் போனிலிருந்து ஹால் வரைக்கும் கேட்டது. அவன் ஒரே ஒரு தடவை "நான் சாப்பிடல பேச்சி" என்றான், அதற்கப்புறம் பேசவே இல்லை. குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான்?

ராத்திரி அவன் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பஸ் ஏறி அவன் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். எதிரே டீக்கடை, கண்ணாடிப் பெட்டி நிறைய சமோசா. வசமாக மாட்டினான் என்று ஒரு மறைவில் நின்றேன்.

ஒரு மணிக்கு அவன் ஆபீஸ் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். இவன் டீக்கடை பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துப் பூங்காவில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தான். பையிலிருந்து ரெண்டு வாழைப்பழம், ஒரு டப்பா. டப்பாவில் காலையில் நான் சுட்ட அடை. எனக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான். கல்லு மாதிரி ஆறிப்போயிருக்கும், அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். கூட வேலை செய்கிற ஒரு பெண் பப்ஸை நீட்டினாள். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டான். எழுந்திரிக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

வெயிலில் அரை நாள் நின்றதுதான் மிச்சம்.

பேச்சியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமை பேசின பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நாளைக்கு டப்பாவில் வைக்க ரெண்டு அடை சேர்த்துச் சுட்டுவிடணும். ஆறினால் நாறாமலிருக்கப் பெருங்காயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம்.

ஜூலை 14, ஞாயிறு

பால் ஏன் குடிக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று இன்று நேராகவே கேட்டேன். சண்டை இழுக்கத்தான் கேட்டேன்.

"எங்கப்பா பதினாலு மாடு வச்சிருந்தார் மாமா. காளங்கன்னு பொறந்தா மறுவாரமே ஆள் வந்து ஏத்திட்டுப் போயிடுவான். கன்னைப் பிடிச்சு வண்டியில ஏத்துறது என் வேலை. அது என் விரலைச் சப்பிக்கிட்டே ஏறும்."

அவ்வளவுதான் சொன்னான், எழுந்து போய்விட்டான். எனக்குச் சண்டை போட ஒன்றும் அகப்படவில்லை. சாயந்திரம் டீக்குப் பால் வாங்கப் போனவன் வாங்காமல் திரும்பி வந்தேன். கால் வலிதான், வேறொன்றுமில்லை.

ஜூலை 20, சனி

குளியலறையில் விழுந்துவிட்டான். விழுந்த சத்தம் கேட்டுக் கதவை இடித்துத் திறந்தேன். தூக்கினேன். ஒரு மூட்டை மைதா இவனைவிடக் கனம். பயந்துபோனேன், பொய் சொல்வானேன். தலையில் அடிபடவில்லை. படுக்க வைத்து வெந்நீரில் அரைக் கரண்டி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். குடித்தான்.

மத்தியானம் கண் திறந்தவன் மெதுவாகச் சொன்னான், "மாமா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ஊருக்குப் போயிடுங்க. உங்களோட சண்டை போட எனக்குத் தெம்பில்ல."

"போறேன். எனக்கும் ஒண்ணும் இங்க வேண்டுதல் இல்ல."

பேச்சிக்குச் சேதி போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தில் வருகிறாளாம். இனி என்ன பேசியும் பிரயோசனமில்லை என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் பையைக் கட்டினேன். இவனிடம் எதற்கு விட்டுப் போகணும் என்று என் பெருங்காயச் சம்படத்தையும் எடுத்தேன். வெளியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கழுவலாம் என்று குழாயடியில் பிடித்தேன், மூடி கழன்று தண்ணீர் உள்ளே போய்விட்டது. போச்சே என்று அள்ளி எடுத்தேன். கை தன்னால் பிசைந்தது. நாற்பது வருசப் பழக்கம், ஈரமாவு கையில் பட்டால் விரல் சும்மா இருக்காது.

பிசையப் பிசைய உருண்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தேன்.

இழுத்தது!

குழாயில் காட்டிக் கசக்கினேன். வெள்ளைப்பால் எல்லாம் கரைந்து ஓட, கையில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு நின்றது. சின்ன வயசில் பேச்சி கடையில் உட்கார்ந்து மைதாவை இப்படித்தான் கசக்கி, பபிள்கம் என்று சொல்லி விளையாடுவாள்.

ஆலங்குளத்தில் இதைச் சில்லறையாக விற்ற மளிகைக்கடை கோமதிநாயகத்துக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, பெருங்காயம்னா பிசினுல்லா? மாவு சேக்காம எப்பிடித் தூளாக்குவாவ? மைதாதாம் சேப்பாவ. நம்ம ஊர்ல எல்லாம் அதுதாம்" என்றான். ஏதோ உப்பு விலை சொல்கிற மாதிரி சொன்னான்.

அடையில் போட்டேன். ரெண்டு மடங்கு போட்டேன். வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். அவன் விழுந்து கிடந்தபோதும் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினேன்.

ஒரு நிமிசம் தோன்றியது, அதையும் எழுதுகிறேன். சம்படத்தைக் குப்பையில் போட்டுவிட்டு பஸ் ஏறினால் போதும். அவனுக்குத் தன்னால் சரியாகிவிடும். மாமா போனார், வியாதியும் போயிற்று என்பான், எவனுக்கும் எதுவும் தெரியாது. ஆனால் நாளை காலை பேச்சி எழுதிக் கொடுத்துவிடுவாள். புருசன் திருட்டுத்தீனி தின்றான் என்று ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருப்பாள்.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அவன் அறைக்குப் போனேன்.

"மாப்ளே, இதப் பாருங்க." அவன் முன்னால் இழுத்துக் காட்டினேன். "இது மைதா. எம் பெருங்காயத்துல இருந்துச்சு. தெனமும் நாந்தாம் உங்களுக்குக் கொடுத்துருக்கேன். நீங்க ஆபீஸ்ல ஒண்ணும் திங்கல. அதுவும் எனக்குத் தெரியும். ஒருநா பின்னாலயே வந்து பாத்தேன். பாத்தும் பேச்சிகிட்ட சொல்லல."

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

"பாத்தீங்க. பாத்துட்டும் சொல்லல."

"சொல்லல."

"அவ என்னைப் பொய்க்காரன்னு நினைச்சுட்டிருக்கா மாமா! ரெண்டு வாரமா எங்கிட்ட சரியாப் பேசல!" அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தலையணையைத் தூக்கி எறிந்தான். என்மேல் படவில்லை, பட்டிருக்கலாம். "மைதா தெரியாம நடந்தது. நானும்தான் மோந்து பாத்துட்டு இருக்கட்டும்னேன். இது தெரிஞ்சு நடந்தது."

அங்கேயே நின்றுகொண்டு பேச்சிக்குப் போன் போட்டேன், அவனுக்கும் கேட்கிற மாதிரி. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "போனை அவர்கிட்ட குடு" என்றாள். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் பேசினார்கள்.

வந்து போனைத் திருப்பிக் கொடுத்தான். "அடுத்த டெஸ்ட் வரைக்கும் பொறுத்துப் பாக்கறேங்கிறா. எழுதிக் கொடுக்கல."

"சரி. எனக்கு பஸ் ஏழு மணிக்கு."

"எங்க போறீங்க? ஓடிப் போகலாம்னு பாக்கறீங்களா? செஞ்சதுக்கு நாளைக்குக் காலையில எழுந்து ஒழுங்கா அடை சுடுங்க. பெருங்காயம் இல்லாம."

ஜூலை 22, திங்கள்

அடுக்களையைக் கழுவி விட்டு, புதுக் கரண்டி, புதுச் சட்டி எடுத்து, பெருங்காயம் இல்லாமல் சுட்டேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் அடையைத் தட்டில் வைத்தேன். தட்டை என் பக்கம் தள்ளினான்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க."

"நான் தின்னு என்ன தெரியும் மாப்ளே? எனக்குத்தான் மைதா ஒண்ணும் செய்யாதே."

"தெரியும். இருந்தாலும் சாப்பிடுங்க."

அவன் முன்னால் உட்கார்ந்து முழு அடையும் தின்றேன். பெருங்காயம் இல்லாத கிழங்கு, மண்ணு மாதிரி இருந்தது. நான் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் அவன் கை வைத்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தினமும் முதல் அடை எனக்குத்தான். பேச்சு கிடையாது, தட்டு மட்டும் இந்தப் பக்கம் வரும். பேச்சி அவனுக்குத்தான் போன் போடுகிறாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ராத்திரி கதவுச் சத்தம் கேட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அவனிடம் விசாரிக்கவில்லை. கேட்டால், "எண்ணிட்டிருக்கீங்களா?" என்பான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 28, சனி

முடிவு வந்தது. நூற்றெண்பது தொண்ணூறாக இறங்கிவிட்டது. டாக்டர் இப்படியே தொடருங்கள் என்றாராம். பேச்சி போன் போட்டாள், எனக்கே போட்டாள். "யப்பா" என்றாள். அப்புறம் அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம், புது இன்ஜினைக் கழற்றி மாட்டக் கொடுத்திருக்கிறார்களாம், மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் வரவில்லை. சித்திரைக்குத்தான் வருவாள்.

இன்று காலையில் நடந்ததையும் எழுதணும். அடையைத் திருப்பி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன், என் பங்கைத் தின்ன. தட்டை நகர்த்தக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் அவன் முறுகல் ஓரமாகப் பார்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான். சுடச்சுட, ஊதி ஊதி.

"மாப்ளே, முதல் அடை..."

"அடுத்தது போடுங்க மாமா, ஆபீஸுக்கு நேரமாச்சு."

சனிக்கிழமை ஏது ஆபீஸ்? நான் கேட்கவில்லை. திரும்பி நின்று அடுத்ததைத் தட்டினேன். வெங்காயம் கண்ணில் ஏறிவிட்டது.

ஆக, சித்திரை வரைக்கும் தினமும் இவன் மூஞ்சியில்தான் முழிக்கணும். கிழங்கு தீர்ந்துவிட்டது, நாளை ரெண்டு கிலோ வாங்கணும்.